பாலைத் திணையில் ஒரு தூண்டில் சங்கம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தை நான்கு பேரேரிகள் சூழ்ந்திருக்கின்றன. உள்ளே சிறிதும் பெரிதுமாகப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், அவற்றுக்கிடையே குளிர்ந்த ஆறுகள். இப்படி நீரால் நிறைந்த நாட்டில், ட்ரௌட் மீனைப் பூச்சித்தூண்டிலால் பிடிப்பதற்கென்று ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், மாதக் கூட்டம், சந்தா, ஆண்டு விருந்து எல்லாம் முறைப்படி உண்டு. ஆயினும் இச்சங்கம் எந்தத் திணையைச் சார்ந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழ் ஆய்வுலகம் இதற்காக வெட்கப்பட வேண்டும்.

மீன் வருவதால் நெய்தல் என்பர் ஒரு சாரார். ஆறு ஓடுவதால் மருதம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் மேலெழுந்தவாரியாகப் பார்த்தவர்கள். பூச்சித்தூண்டில் சங்கம் பாலைத் திணைக்கு உரியது என்பதே எம் முடிபு. ‘நிறுவ முயல்கிறோம்’ என்று எழுதுவது அவையடக்கம். நிறுவியாயிற்று என்பதே உண்மை.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. நம்மூர்க் குளக்கரையில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி வீசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இவர்கள் புழுவைத் தொடமாட்டார்கள். சின்ன முள்ளில் இறகும் மயிரும் நூலால் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி செய்வார்கள். அதற்கு எடையே கிடையாது. எடையில்லாததை எறிய முடியாது என்பதால், கயிற்றைக் கனமாகச் செய்து கயிற்றையே எறிகிறார்கள். பூச்சி அதன் பின்னால் போய்ச் சேர்கிறது. கோலைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே முன்னும் பின்னும் அசைக்கவேண்டும். பின்னால் போன கயிறு முழுதாக நீளும்வரை பொறுக்கவேண்டும். பொறுக்காதவர் காதில் முள் ஏறும். இதைப் புதியவர்களுக்குச் சங்கம் வசந்த காலத்தில் சொல்லிக்கொடுக்கிறது. எங்கே? பள்ளிக்கூட மைதானத்துப் புல்தரையில். முள்ளுக்குப் பதில் கயிற்று நுனியில் ஒரு கம்பளிக் குஞ்சம். இருபது பேர் வரிசையாக நின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத மீனை நோக்கிக் கயிறு வீசுவார்கள். சூழ்ந்து நிற்பது வெறும் தரை; தேடுவது நீர். பாலைக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

வேண்டும் என்பாருக்கு முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். முதற்பொருள் நிலமும் பொழுதும். பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரியது என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருப்பதை இங்கே நினைவுகூர்க. மிச்சிகனின் பெரும்பாலான ட்ரௌட் ஓடைகளில் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை பருவம் திறக்கும்; செப்டம்பர் முடிவில் மூடும். இத்தகைய சங்கங்களின் மாதக் கூட்டமோ பெரும்பாலும் இலையுதிர்வில் தொடங்கி வசந்தத்தில் முடிந்துவிடும். கோடையில் கூட்டம் இல்லை. எல்லாரும் மீன் பிடிக்கப் போயிருப்பார்கள். ஆக, மீன் பிடிக்க முடிகிற காலத்தில் மீன்பிடிச் சங்கம் கூடுவதில்லை. பிடிக்க முடியாத காலத்தில் தவறாமல் கூடுகிறது. மீனும் சங்கமும் ஒன்றை ஒன்று விலக்கும் இயல்பின என்பது இதனால் பெறப்படும்.

கடா: மிச்சிகனின் ஆ சாபிள் ஆற்றில் ஆண்டு முழுதும் திறந்திருக்கும் பகுதி உண்டே? பூச்சித்தூண்டில் மட்டுமே அனுமதிக்கப்பட்ட, பிடித்ததை விட்டுவிடவேண்டிய அந்த எட்டு மைல் சொச்சத்தை அங்குள்ளோர் ‘புனித நீர்’ என்றே அழைக்கிறார்களே?

விடை: உண்டு. ஜனவரியில் போய் நின்று பார்க்கட்டும். கோலின் வளையங்களில் ஈரம் உறைந்து கயிறு அசையாது. வளையத்துப் பனியைக் கிள்ளி எறிவதே அன்றைய தொழிலாக முடியும். அது மீன்பிடித்தல் ஆகாது, பனிபிடித்தல்.

இனி நிலம். பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் வாக்கால் நாம் அறிந்தது. ஆ சாபிள் கரையில் கிரேலிங் என்றொரு ஊர். அந்தப் பெயருடைய மீன் ஒரு காலத்தில் அந்த ஆற்றில் நிறைந்திருந்தது. முதுகில் கப்பற்பாய் விரித்தாற்போன்ற துடுப்புடைய அழகிய மீன். ரயில் வந்ததும் நகரத்துத் தூண்டில்காரர்கள் வந்து அள்ளிப் போனார்கள். அதே காலத்தில் மரக் கம்பெனிகள் வெண்பைன் காட்டைச் சாய்த்தன. வெட்டிய மரங்களை ஆற்றிலேயே உருட்டி மிதக்கவிட்டார்கள். அவை முட்டையிடும் படுகைகளை உழுதுகொண்டு போயின, நிழலிழந்த கரை சரிந்து ஆறு மணலால் மூடியது, தண்ணீர் சூடேறியது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் மிச்சத்தை முடித்தன. 1930களின் முடிவில் மிச்சிகனின் சொந்தக் கிரேலிங் மீன் ஒன்றுகூட இல்லை. ஊரும் பெயரும் இருக்கின்றன, ஆற்றில் அந்த மீன் இல்லை. பழங்காட்டில் எஞ்சியது ஊருக்கு அருகே ஹார்ட்விக் பைன்ஸ் பூங்காவுக்குள் 49 ஏக்கர்.

முல்லை திரிந்தது சரி, மலையே இல்லாத அந்த வட்டாரத்தில் குறிஞ்சி எங்கே திரிந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாதித் தகுதிக்கே பட்டம் வழங்கும் காலத்தில் ஒரு நிலத்திடம் மட்டும் முழுத்தகுதி கேட்பது அநியாயம்.

இன்று சங்கத்தார் உயிராய்ப் போற்றும் பழுப்பு ட்ரௌட் அந்த மண்ணுக்குரியதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகள் நார்த்வில் பொரிப்பகத்தில் பொரிக்கப்பட்டு, 1884 ஏப்ரலில் 4,900 குஞ்சுகளாக மிச்சிகனின் பால்ட்வின் ஆற்றில் விடப்பட்டன. அமெரிக்க நீரில் பழுப்பு ட்ரௌட் வந்த கதையின் தொடக்கம் அது. ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போன தலைவனைப் பாலையில்தான் தேடவேண்டும் என்பது மாணவரும் அறிவர். இங்கே மீனே தலைவன்.

உரிப்பொருளுக்கு வந்தால் வாதம் முடிந்தே போகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். சங்கத்தின் ஆற்றுப் பயணம் ஒன்றைப் பாருங்கள். விடியலில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை ஒற்றைக்காலில் நின்று மாட்டிக்கொள்வார்கள். பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொள்வார்கள். எந்தப் பூச்சி எடுக்கும் என்று உரக்கப் பேசுவார்கள். பிறகு ஒருவர் பார்வையில் ஒருவர் படாதபடி ஆற்றின் வளைவுக்கு ஒருவராகப் பிரிந்து போவார்கள். அடுத்தவர் நிற்கும் மடுவில் இறங்குவது பெருங்குற்றம். சேர்ந்து வந்தது பிரிவதற்காக. பொழுது சாய்ந்ததும் மறுபடி கூடி, சுட்ட இறைச்சி ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டு, பிரிந்திருந்தபோது நடந்ததைச் சொல்வார்கள். கணவனும் மனைவியும் இருவருமே உறுப்பினராயின் அவர்களும் இரண்டு வளைவு தள்ளித்தான் நிற்பார்கள். சங்கத்திலேயே நெடுங்காலம் நீடித்த இல்லறங்கள் இவை என்பது எம் ஊகம்.

அடுத்து மீன். மணிக்கணக்காய் நின்று ஒன்று மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு தொட்டு, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு முகம் காட்டிப் பிடித்து, மூச்சு வந்ததும் விட்டுவிடுகிறார்கள். எளிதாகக் கழலவேண்டும் என்று முள்ளின் நுனிக்குக் கீழ் பின்னோக்கி நிற்கும் கூர்முனையைக் குறட்டால் முன்கூட்டியே நசுக்கிவிடுவதும் உண்டு. புணர்ச்சி சில நொடி, பிரிவு உறுதி. இது வெறும் ஆசாரமன்று, இயக்கம். 1959 ஜூலையில் ஆ சாபிள் கரையில் ஜார்ஜ் கிரிஃபித் என்பவர் வீட்டில் 16 தூண்டில்காரர்கள் கூடி ‘ட்ரௌட் அன்லிமிடெட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். பொரிப்பகத்து மீனைக் கொட்டி ஆற்றை நிரப்புவதைவிட, ஆற்றைச் சரியாக வைத்தால் மீன் தானே பெருகும் என்பது அவர்கள் கட்சி. இன்று அது நாடு முழுவதும் கிளை பரப்பியிருக்கிறது. ஊர்ச் சங்கங்கள் கரையில் மரம் நடுவதும், குப்பை பொறுக்குவதும், மண் சரியும் இடத்தில் மரத்தடி வைத்துக் கட்டுவதும் இந்த வழிப்பட்டவை. இப்பணிகளுக்கு வருபவர் எண்ணிக்கை விருந்துக்கு வருபவர் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருப்பதில் மிச்சிகனுக்கும் மதுரைக்கும் வேறுபாடு இல்லை.

நெய்தற் கட்சியார் இந்த இடத்தில், தப்பிப்போன மீனுக்காக இரங்குகிறார்களே என்பர். தப்பிய மீனைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தவர் இப்படிச் சொல்லமாட்டார். அக்டோபரில் ஒரு முழம் இருந்த மீன் பிப்ரவரியில் ஒன்றேகால் முழம் ஆகிறது. உயிரோடிருக்கும் மீன் வளரத்தானே செய்யும்?

கருப்பொருளில்தான் வலுவான மறுப்பு எழுகிறது. பனிக்கால இரவுகளில் சங்கத்தார் நூலகத்துப் பின்னறையிலோ மதுக்கடையின் நீள மேசையிலோ கூடிப் பொய்ப்பூச்சி கட்டுவார்கள். சின்னப் பிடிகருவியில் முள்ளை இறுக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டு, கழுத்து வளைந்து உட்கார்ந்திருப்பார்கள். கிரிஃபித் பெயரால் வழங்கும் ஒரு கொசுப்பூச்சி இருக்கிறது. உடல் மயில் தோகையின் இழை. அதன்மேல் சுற்றுவது சேவல் கழுத்து இறகு. மயிலும் சேவலும் சேர்ந்து வருமிடத்தில் தெய்வம் யாரென்று சொல்லவேண்டியதில்லை. ஆகவே இது குறிஞ்சியே என்பர் எதிர்க்கட்சியார். அழகான வாதம். எமக்கே ஒரு கணம் தடுமாற்றம் வந்தது. ஆனால் உற்று நோக்குக: அங்கே மயிலும் இல்லை, சேவலும் இல்லை, அவற்றைப் பிரிந்து வந்த இறகே உள்ளது. பிரிந்த இறகு பிரிதலுக்குச் சான்றாகுமேயன்றிச் சேயோனுக்கு ஆகாது.

இறகு விஷயத்தில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்தில் மெழுகு சொட்டினாற்போல் வெண்மையும் மஞ்சளுமாய்ப் புள்ளியிட்ட இறகுகள் உண்டு. சால்மன் மீனுக்குக் கட்டும் பழைய ஆங்கிலப் பூச்சிகளுக்குக் கன்னமாக வைத்துக் கட்டுவது அதைத்தான். நம் மலையிலிருந்து அது கப்பல் கப்பலாகப் போனது. இப்போது அப்பறவை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது; வெளிநாட்டில் கூண்டில் வளர்த்த கோழிகளின் இறகு விற்பனையாகிறது. பாலைக்குரிய தொழில் சூறையாடல் என்பதற்கு வேறு சான்றும் தரலாம். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் இரவில் புகுந்து 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனவர் புல்லாங்குழல் பயின்ற மாணவர். அவற்றில் சில ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவை. களவாடியது பூச்சி கட்டுவதற்காக. பாலை எயினரும் இத்தனை அழகுணர்ச்சியோடு கொள்ளையிட்டதில்லை.

பூச்சிகளில் உயர்ந்தது எது என்று மிச்சிகனில் கேட்டால் ‘ஆடம்ஸ்’ என்பார்கள். 1922இல் மேஃபீல்டு என்ற சிற்றூரில் லென் ஹாலடே கட்டியது. சாம்பல் நிற உடல், பழுப்பும் புள்ளியும் கலந்த இறகு. எந்தப் பூச்சி போன்றது என்று கேட்டால் குறிப்பாக எதையும் போன்றதில்லை. ஆகவே எல்லாவற்றையும் போன்றது. தேர்தலில் நிற்பவர்கள் கவனிக்க.

பாலைத் தலைவன் பொருள் தேடிப் பிரிவான். ஜான் வோல்க்கர் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்து நீதிபதி. ராபர்ட் டிராவர் என்ற புனைபெயரில் எழுதிய ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’ நாவல் 1958இல் வெளிவந்து பணத்தைக் கொட்டியது. அவர் நீதிபதிப் பதவியை விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போய்விட்டார். பொருள் தேடிப் பிரிதல் கேட்டிருக்கிறோம். பொருள் வந்ததும் பிரிதலுக்கு இலக்கணம் வகுக்க நம் முன்னோருக்கு வாய்ப்பு அமையவில்லை.

கூட்ட நடவடிக்கைகளைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. பொருளாளர் கணக்கு வாசிப்பார், ஒருவரும் கேட்கமாட்டார். மொண்டானாவிலோ நியூஸிலாந்திலோ மீன்பிடித்து வந்தவர் படம் காட்டுவார். ஒவ்வொரு படத்திலும் மீன் கேமராவுக்கு அருகிலும் மனிதர் தூரத்திலும் இருப்பர். கடைசியில் குலுக்கல். உறுப்பினர் நன்கொடையாகத் தந்த ரீலை உறுப்பினர் கொடுத்த காசில் உறுப்பினரே வெல்வார். அவர் வீட்டில் அதேபோல் இரண்டு இருக்கும். எனவே அடுத்த ஆண்டு குலுக்கலுக்கு அவரே அதைத் திரும்பத் தருவார். யாரும் ஒன்றும் இழப்பதில்லை, ஒருவருக்கும் புதிதாய் எதுவும் வருவதில்லை, சங்கத்துக்கு மட்டும் பணம் சேர்ந்துகொண்டிருக்கும். பொருளியல் அறிஞர்கள் இதை ஏன் கவனிக்கவில்லை என்பது புரியவில்லை.

கடைசிக் கடா ஒன்று. பாலையின் சிறுபொழுது நண்பகல் அல்லவா? ஜூன் பின்பாதியில் ஹெக்ஸ் என்னும் பெரிய மஞ்சள் ஈசல் போன்ற பூச்சி ஆற்றுச் சேற்றிலிருந்து கிளம்பும்போது, சங்கமே நள்ளிரவுவரை இருட்டில் நின்று, மீன் வாய்திறக்கும் ஒலியைக் கேட்டு அத்திசையில் வீசுகிறதே? உண்மைதான். ஆனால் அந்த இரவில் அங்கே நிற்பது தனித்தனி ஆட்கள். கருப்பு நீரில் பக்கத்தில் யார் என்பதே தெரியாது. சங்கம் சங்கமாக இருப்பது மறுநாள் நண்பகலில், வெயிலில் மீன் எழாத நேரத்தில், தூக்கம் கெட்ட கண்ணோடு மரநிழலில் உட்கார்ந்து, நேற்றிரவு சப்தம் போட்டது எத்தனை பெரிய மீன் என்று வழக்காடும்போதுதான்.

ஒரே ஒரு அபாயத்தை மட்டும் வாசகருக்கு அறிவித்துவிட வேண்டும். கிரேலிங் மீனை மிச்சிகன் ஆறுகளுக்குத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியை மாநில இயற்கைவளத் துறையும் லிட்டில் ரிவர் பேண்ட் ஒட்டாவா பழங்குடியினரும் 2016இல் கூடித் தொடங்கியிருக்கிறார்கள். அது பலித்துவிட்டால், திரிந்த நிலம் பாதியாவது திரும்பி, எம் முடிபின் அடிப்படையே ஆட்டம் காணும். மீன் ஆற்றில் நிலைத்துவிட்டதாக உறுதிச் செய்தி கிடைக்கும் நாளில் இரண்டாம் பதிப்பு வெளிவரும். முதற்பதிப்பின் பிரதிகளை அதற்குள் விற்றுவிடும்படி பதிப்பாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.