திரும்பி ஓடும் கதிர்: டியூப் டிவி கேள்வி–பதில்

சிங்கப்பூரின் துவாஸில் மின்கழிவு பிரிக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், கழற்றிப் போட்ட டியூப் டிவியின் படத்தை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதே பொருளில் வேறு கடிதங்களும் வந்து சேர்ந்தன. அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் டியூப் டிவிக்கே.

கே: அண்ணே, நாளெல்லாம் டிவி கழற்றுகிறேன். இவ்வளவு சின்னத் திரைக்கு அவ்வளவு பெரிய பின்பக்கம் எதற்கு?
– வாசகர், துவாஸ்

ப: அது எலக்ட்ரான் வளைந்து ஓடுவதற்கான மைதானம், தம்பி. டியூபின் கழுத்தில் இருக்கும் துப்பாக்கி எலக்ட்ரான்களைக் கதிராக, நேராகத்தான் சுடும். கழுத்தைச் சுற்றி மாட்டியிருக்கும் செம்புச் சுருள்தான் காந்த விசையால் அவற்றை வளைக்கும். மெக்கானிக்குகள் அதை 'யோக்' என்பார்கள். கொஞ்சமாக வளைத்தால் திரையின் ஓரத்தைத் தொடத் தூரம் வேண்டும். அதிகமாக வளைத்தால் தூரம் குறையும். வளைவுக் கோணம் 90 பாகையிலிருந்து 110 பாகைக்கு ஏறியபோது பெட்டியின் தொந்தி வற்றியது. அதற்கு விலையாக யோக்குக்குக் கூடுதல் சக்தி ஊட்ட வேண்டியிருந்தது. டிவி மெலிந்ததில் கண்ணாடிக்காரருக்கு எவ்வளவு பங்கோ, சர்க்யூட்காரருக்கும் அவ்வளவு பங்கு. அடுத்த முறை யோக்கைக் கையில் எடுத்தால் உள்ளே பாருங்கள். இரண்டு ஜோடிச் சுருள் இருக்கும். ஒரு ஜோடி கதிரை இடவலமாக இழுக்கும், மற்றது மேல்கீழாக.

கே: அந்தக் கதிர் திரையில் எவ்வளவு வேகமாக ஓடும்?
– மாணவர், பூன் லே

ப: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இருந்த முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 64 மைக்ரோநொடி. அதில் 52 மைக்ரோநொடி படம் வரைய, மீதி 12 மைக்ரோநொடி இடப்பக்கம் திரும்பி ஓட. 20 அங்குல டிவியின் திரை ஏறத்தாழ 40 செ.மீ. அகலம். ஆக, ஒளிப்புள்ளியின் வேகம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர். அனைத்துலக விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும் வேகமும் ஏறத்தாழ இதுதான்! துவாஸ் லிங்க்கில் எம்.ஆர்.டி. ரயில் ஏறி, மறுகோடியில் உள்ள பாசிர் ரிஸ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் புள்ளிக்கு ஏழெட்டு நொடி போதும்.

கே: கேதோடு கதிர்க் குழாய் என்றால் ஃபெர்டினாண்ட் பிரவுன் பெயரைப் பாடப் புத்தகம் சொல்கிறது. கதிரை ஓட்டும் சர்க்யூட்டைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர் இல்லையா?
– ஆசிரியை, சிராங்கூன் சாலை

ப: இருக்கிறது அம்மா, உரக்கச் சொல்ல வேண்டிய பெயர்: ஆலன் பிளம்லைன். பிரவுன் 1897இல் குழாயைக் கொடுத்தார். 1926இல் ஜப்பானின் கென்ஜிரோ தகாயானகி அதில் ஓர் எழுத்தைத் தெரிய வைத்தார். ஆனால் வீட்டுக் கூடத்தில் வைக்கிற டிவிக்கு ஒரு பெரிய தடை இருந்தது. கதிர் வலப்பக்கம் போய்ச் சேரும்போது யோக் சுருளுக்குள் காந்த சக்தி நிறைந்திருக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் அதைக் காலி செய்து, எதிர்த்திசையில் நிரப்பினால்தான் கதிர் இடப்பக்கம் திரும்பும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நிரப்பி, வெப்பமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் எந்த மின்கட்டணம் தாங்கும்?

இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் இருந்த பிளம்லைன், 1932இல் விண்ணப்பித்து 1933இல் வெளிவந்த காப்புரிமையில் வழி சொன்னார். அதை ஊஞ்சல் வழி என்று நான் சொல்வேன். ஊஞ்சலை ஒருபக்கம் தள்ளிவிட்டால் அது திரும்பி வர யாரும் இழுக்க வேண்டாம், தானே வரும். அதேபோல் சுருளோடு ஒரு கெப்பாசிட்டரைச் சேர்த்துவிட்டால், சுருளின் சக்தி கெப்பாசிட்டருக்குள் பாய்ந்து, மறுநொடியே எதிர்த்திசையில் சுருளுக்குத் திரும்பும். கதிர் தானாக இடப்பக்கம் வந்து நிற்கும். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ.வில் ஆட்டோ ஷேட் போன்றவர்கள் இந்தச் சுற்றை இன்னும் சிக்கனமாக்கினார்கள். ஒரு டயோடைச் சேர்த்ததும், திரும்பி வந்த சக்தியே அடுத்த கோட்டின் முதல் பாதியை வரைந்தது.

பிளம்லைன் பெயரில் 128 காப்புரிமைகள் உண்டு. பி.பி.சி. 1936 நவம்பர் 2 அன்று தொடங்கிய தொலைக்காட்சிச் சேவைக்கான 405 கோட்டு முறையில் அவர் கை பெரியது. 1942 ஜூன் 7 அன்று, தரையின் தோற்றத்தைக் கேதோடு கதிர்த் திரையில் காட்டும் விமான ரேடாரைச் சோதித்த பறப்பில் விமானம் விழுந்து இறந்தார். வயது 38. போர்க்கால ரகசியம் காரணமாக அவர் மறைவைக்கூட அப்போது வெளியே சொல்லவில்லை. பாடப் புத்தகம் விட்ட இடத்தை வகுப்பில் நீங்கள் நிரப்புங்கள் அம்மா.

கே: சின்ன வயதில் பக்கத்து வீட்டில் டிவி போட்டால் 'ஙீ' என்ற ஓசையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். அப்பா நம்பவே மாட்டார். பிரமையா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

ப: உங்கள் காது பொய் சொல்லவில்லை. நொடிக்கு 15,625 முறை மின்னோட்டம் ஏறி இறங்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகமும் சுருளும் அதே வேகத்தில் அதிரும். பிள்ளைகளின் காது அந்த மெல்லிய கீச்சொலியைப் பிடிக்கும். வயது ஏற ஏற முதலில் நம்மை விட்டுப் போவது இந்த உயர் சுருதிதான். அப்பா மறுத்ததும் உண்மை, நீங்கள் கேட்டதும் உண்மை.

கே: எங்கள் வீட்டு டிவி ஒருநாள் திரை நடுவே ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. மெக்கானிக் மூடியைத் திறக்காமலே "வெர்ட்டிகல் போச்சு" என்றார். எப்படித் தெரிந்தது?
– வாசகர், தஞ்சாவூர்

ப: கோடே சொல்லிவிட்டது. மேல்கீழாக இழுக்கும் சர்க்யூட் படுத்துவிட்டால், 625 கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழும். அதுதான் அந்த ஒற்றைக் கோடு. சரி, இடவலமாக இழுக்கும் சர்க்யூட் படுத்தால் நெட்டுக்குத்தாக ஒரு கோடு வர வேண்டுமே, அதை ஏன் பார்த்ததே இல்லை? இந்தக் கேள்விக்குள்தான் டிவியின் சூட்சுமம் இருக்கிறது.

கதிர் வேகமாகத் திரும்பும் அந்த 12 மைக்ரோநொடியில் சுருளின் முனையில் ஆயிரம் வோல்ட் அளவுக்கு ஒரு துள்ளல் எழும்பும். அதைப் பிடித்து, ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பெருக்கி, டயோடு வழியே அனுப்பினால் கலர் டியூபுக்குத் தேவையான 25,000 வோல்ட் கிடைக்கும். மெக்கானிக்குகள் 'இ.ஹெச்.டி.' என்று சொல்லும் பாகம் இதுதான். திரும்பும் கதிர் கண்ணில் படாமல் இருட்டடிக்கப்படுகிறது. ஆனால் திரைக்கு ஒளி கொடுக்கும் சக்தி அந்தத் திரும்பும் ஓட்டத்தில்தான் பிறக்கிறது. அது நின்றால் உயர் அழுத்தமும் நிற்கும், கோடு வரையக்கூட வெளிச்சம் இருக்காது. திரை முழுக்க இருட்டு.

கே: டிவி தலையில் ஓங்கித் தட்டினால் படம் வந்துவிடுமே, அதுவும் விஞ்ஞானமா?
– வாசகர், ஈப்போ

ப: விஞ்ஞானமேதான். இ.ஹெச்.டி. கனமான பாகம், சூடாகும் பாகம். தினமும் ராத்திரி சூடேறி, அணைத்ததும் ஆறி, அதன் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று நாளடைவில் விட்டுப்போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டக் கீறல் தெரியும். தட்டும்போது அது கணநேரம் ஒட்டிக்கொள்ளும். தட்டத் தட்ட இன்னும் விரியும். சால்டரிங் ராடை எடுத்து அந்த ஒரு புள்ளியை உருக்கிவிட்டால் டிவிக்கு மறுபிறவி.

கே: சிங்கப்பூரில் வாங்கிய டிவி ஊரில் உடனே ஓடியது. மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது ஓடவில்லை. ஏன்?
– வாசகர், காரைக்குடி

ப: டியூப் டிவி காலத்தில் சிங்கப்பூரும் இந்தியாவும் 'பால்' முறைக்காரர்கள், அமெரிக்கா 'என்.டி.எஸ்.சி.' முறைக்காரர். கோட்டு எண்ணிக்கையே வேறு: இங்கே 625, அங்கே 525. பால் முறையைத் தந்தவர் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனப் பொறியாளர் வால்டர் புரூக். 1963இல் வெளியே காட்டினார். வழியில் வண்ணச் சமிக்ஞை சற்றுப் பிசகினால் முகம் பச்சையடிக்கும். அவர் செய்த தந்திரம் அழகானது: ஒரு கோடு விட்டு ஒரு கோடு வண்ணத் தகவலின் ஒரு பாதியைத் தலைகீழாக்கி அனுப்பினார். ஒரு கோட்டில் வந்த பிழையும் அடுத்ததில் வந்த பிழையும் எதிரெதிரே நின்று கழிந்துவிடும். தன் பெயரையே முறைக்கு வைக்காததற்கு அவர் சொன்ன காரணமும் புகழ்பெற்றது. ஜெர்மன் மொழியில் 'புரூக்' என்றால் உடைசல். உடைசல் முறை என்ற டிவியை யார் வாங்குவார்?

சிராங்கூன் சாலையில் வாங்கிக் கயிறு கட்டித் திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய அட்டைப் பெட்டிகளுக்குள் அவர் மூளையும் சேர்ந்தே வந்தது.

கே: பழைய சோனி டிவியில் திரைக்குக் குறுக்கே மெல்லிய நிழற்கோடு தெரிகிறது. பழுதா?
– வாசகி, ஜூரோங்

ப: பழுதில்லை, அதன் அடையாள மச்சம். சோனியின் டிரினிட்ரான் 1968இல் வந்தது. மற்ற டியூபுகளில் துளையிட்ட தகடு இருக்கும் இடத்தில், இதில் யாழ் நரம்பு போல நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகக் கீற்றுகள். அதிக எலக்ட்ரான்கள் நுழைவதால் படம் பளிச்சென்று இருக்கும். நரம்பு என்றால் அதிருமே! அதிராமல் இருக்கக் குறுக்கே ஒரு நுண்கம்பி, பெரிய திரையில் இரண்டு. நீங்கள் பார்ப்பது அந்தக் கம்பியின் நிழல். இன்னொரு செய்தி: ஜப்பானில் டிரினிட்ரான் உற்பத்தி நின்ற பிறகும் இந்தியா, சீனா போன்ற சந்தைகளுக்குக் குழாய் செய்து அனுப்பியது சிங்கப்பூர் ஆலை. 2008 மார்ச் இறுதியில் அதுவும் நின்றது.

கே: இந்தத் துறையில் தமிழர் யாரும் இல்லையா?
– வாசகர், கிள்ளான்

ப: டிவி இந்தியாவில் பரவும் முன்பே இருந்தார். ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்து, 1954இல் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் கணினியை 1960இல் முழுமையாக இயக்கியது. ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட அந்த இயந்திரத்துக்கு ஒரு கேதோடு கதிர்த் திரையையும் இணைத்தார்கள். எண்ணும் எழுத்தும் வரைபடமும் அதில் தெரிந்தன. கணினி என்ற சொல்லையே பலரும் கேட்டிராத காலத்தில், கணக்கின் விடையைக் கண்ணால் பார்க்க வழி செய்தவர்கள் அவர்கள்.

கே: வீட்டு ஸ்டோர் ரூமில் பழைய டிவி கிடக்கிறது. நானே பிரித்துப் பார்க்கலாமா?
– வாசகர், தோ பாயோ

ப: வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டியூபின் கண்ணாடி உள்ளும் புறமும் கரிப்பூச்சு பூசியது. அதுவே ஒரு பெரிய கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை அது பிடித்து வைத்திருக்கலாம். உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும். எக்ஸ்-கதிரைத் தடுக்கக் கலர் டியூபின் புனல் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு கலந்திருக்கும். குப்பையோடு குப்பையாகப் போடாதீர்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் மின்கழிவுக்குத் தனி ஏற்பாடு நடப்பில் இருக்கிறது. புது டிவி வீட்டுக்கு வரும்போது, பழையதை இலவசமாக எடுத்துச் செல்லும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

துவாஸ் தம்பிக்கும் இதேதான்: கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பயிற்சி பெற்றவர் மேற்பார்வை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் டியூபைத் தொடாதீர்கள்.

கே: எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு நைட் ஷிஃப்டில் இருக்கிறேன். செத்துப்போன டியூப் டிவி சர்க்யூட்டைப் படித்து என்ன பயன், அண்ணே?
– வாசகர், துவாஸ் தங்கும் விடுதி

ப: உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் ஃபோன் சார்ஜரைக் கையால் தொடுங்கள், தம்பி. இளஞ்சூடாக இருக்கும். சின்ன சார்ஜர்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் சர்க்யூட்டின் பெயர் 'ஃப்ளைபேக்'. டிவியில் கதிர் துள்ளித் திரும்புவதற்கு வைத்த பெயர் அது. சுவிட்ச் மூடும்போது காந்தத்தில் சக்தியைச் சேர்ப்பது, திறக்கும்போது அதை மறுபக்கம் பாய விடுவது. அதே தத்துவம், நொடிக்குப் பல பத்தாயிரம் முறை. பிளம்லைன் லண்டனில் டிவி சமிக்ஞையைக் கேபிளில் இரைச்சல் புகாமல் கொண்டுபோக வழி தேடியபோது உருவாக்கிய இரட்டை வால்வுச் சுற்று ஒன்று உண்டு. இன்றைய ஆப்-ஆம்ப் சில்லுகளின் வாசற்படியில் அதுதான் நிற்கிறது. திரைதான் போனது. சர்க்யூட் உங்கள் பையில் இருக்கிறது.

பக்கத்துப் பட்டறையில் டிவி கழற்றும் அந்தத் தம்பியோடு சேர்ந்துகொள்ளுங்கள். டியூபை எடுத்து ஓரம் வைத்த பிறகு, போர்டை நொறுக்கும் முன் ஐந்து நிமிடம் கேளுங்கள். டிரான்சிஸ்டர், டயோடு, கெப்பாசிட்டர், யோக், இ.ஹெச்.டி. – ஐந்தே உறுப்புகள். செம்புத் தடத்தை விரலால் பின்தொடர்ந்து காகிதத்தில் வரையுங்கள். கதிர் போகும் வழியை ஒரு நிறத்திலும் திரும்பும் வழியை இன்னொரு நிறத்திலும் வரைந்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரப் பக்கத்தில் முதல் இடம் அதற்குத்தான்.