1986-ம் வருஷத்துச் சாட்சி

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் "யாராவது சாட்சி..." என்று வாயெடுப்பதற்குள் எங்கள் சபை அங்கிள் ஒருவர் எழுந்து நிற்பார். "ஸ்தோத்திரம்! 1986-ல நான்..." அவ்வளவுதான், மிச்சத்தை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடும். பால்மரம் சீவப் போனது, சம்சுச் சாராயம் குடித்தது, வாய்க்காலில் விழுந்தது, இயேசப்பா தூக்கிவிட்டது. வாய்க்கால் வந்ததும் கடைசி வரிசைப் பொடியன்கள் சத்தமில்லாமல் விழுந்து காட்டுவார்கள்.

சாட்சியில் வளர்ச்சியே இல்லை என்று சொன்னால் பாவம். சம்சு வளர்கிறது. முதலில் அரை போத்தல்; போன ஈஸ்டருக்கு நாலு.

அந்தப் பால்மரங்கள் இன்று இல்லை. சாஆவிலிருந்து லாபிஸ் போகிற வழியெல்லாம் செம்பனை. அதுவும் 25 வருஷம் போனால் குலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும், காய்ப்பும் குறையும். சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள். அப்படி மறுநடவும் நடந்தாயிற்று. அங்கிள் மட்டும் இன்னும் பால்வாளியோடு நிற்கிறார்.

ஒரு வாலிபப் பையன் கேட்டேவிட்டான்: "அங்கிள், 1987-ல என்ன நடந்துச்சு?"

"அதுக்கப்புறம் என்னப்பா நடக்கணும்? அதான் ரட்சிக்கப்பட்டாச்சே!"

ஒருமுறை போதகர் வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றிருந்த லவோதிக்கேயா சபை. பக்கத்து எராப்போலியில் வெந்நீர் ஊற்று, கொலோசெயில் குளிர்ந்த தண்ணீர், இவர்களுக்குக் குழாயில் வந்து சேர்ந்ததோ வெதுவெதுப்பு என்று விளக்கினார். அங்கிள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். வாசலில் என் தோளைத் தட்டி, "நல்ல செய்தி தம்பி. பக்கத்து ஊரு சபைக்காரங்க கேட்டிருக்கணும்" என்றார். பிறகு வெந்நீர் ஞாபகம் வந்து, "லாபிஸ் ஊத்துல முட்டிவலிக்குக் கால் வச்சேன். சூடே பத்தல."

கல்யாணமோ சாவோ, முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவர் அவர்தான். அதில் குறை சொல்ல வாய் வராது. ஆனால் போன வெள்ளி, பேரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஜெபிக்கச் சொல்லலாம் என்று ஒரு அக்கா வந்திருந்தார். அங்கிள் வாய்க்காலிலிருந்து எழவே முக்கால் மணி நேரம். அக்கா பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விட்டார். இதை என்னால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

இந்த வெள்ளி மைக் முதலில் அக்காவுக்கு என்று போதகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கிள் முன்வரிசையில்தான் உட்காருவார். மைக் வயர் என் கையில் இருக்கும்.