யார் வீட்டுத் தெள்ளு?

லீட்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

"அந்தக் குளிர் ஊர்ல தெள்ளு எப்படிடா வரும்? கதை விடுறியா?" என்று கேட்டாய். குளிரெல்லாம் தெருவோடு சரி. வீட்டுக்குள் ஹீட்டர், மாடிப்படிக்குக்கூட கார்ப்பெட். நம் வீட்டில் துடைப்பத்தோடு போய்விடுகிற பூச்சிக்கு இங்கே ராஜ உபசாரம்.

மூஞ்சூறு நலம். (பிள்ளையார் ஊர்க்காரன் பூனைக்கு வைக்கிற பெயரா இது என்று மாமா இன்னும் சிரிக்கிறாரா?) பிடரியில், நாக்கு எட்டாத இடமாகப் பார்த்து, டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டாயிற்று. வேப்பெண்ணெய் வேண்டாம் அக்கா, பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போய்விடும். அங்கே மாமா, நாய்க்கு வாங்கிய மருந்தை வைக்கோல் போர்ப் பூனைக்கும் போட்டுவிடப் போகிறார். டப்பாவில் பெர்மெத்ரின் என்று இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், செத்தே போகும். இந்த ஒரு வரியை மட்டும் அவர் காதில் சத்தமாகப் படி.

பூனை மேல் துள்ளுவது நூற்றுக்கு ஐந்துதானாம். மீதி முட்டை, புழு, கூடு என்று கார்ப்பெட்டுக்குள் குடித்தனம். கூட்டுக்குள் இருப்பது மாதக் கணக்கில் அசையாது. காலடி அதிர்ந்து, உடம்புச் சூடும் மூச்சுக் காற்றும் பட்டால், சாப்பாடு வந்தாயிற்று என்று வெளியே குதிக்கும். நான் குடிவந்த அன்றே கணுக்காலில் வரிசையாகக் கடி. மூஞ்சூறு அப்போது சிநேகிதன் வீட்டில். எனக்கு முன்னால் இருந்தவர் நாய் வளர்த்தவர்!

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா? மருந்தடித்த செலவைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பாராம். காரணம், அறிக்கை. குடிவரும்போது வீட்டைப் படம் பிடித்துப் புத்தகமே போட்டுவிடுகிறார்கள். கதவுக் கைப்பிடி, ஒரு கீறல். ஜன்னல் திரை, லேசான மங்கல். டாய்லெட் மூடிக்கு மூன்று கோணம். குளியலறைக் கொக்கி தளர்ந்திருப்பதற்குத் தனிப் பத்தி. உன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கவில்லை. கார்ப்பெட்டில் காபிக் கறை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து! தெள்ளுக் கூடு மட்டும் படத்தில் இல்லை, ஆகவே தெள்ளு என்னுடையது. தூசி ஒட்டி நூலோடு நூலாகக் கிடக்கிற கூடு எந்தக் கேமராவில் விழும் என்று கேட்டேன். "கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார் ஏஜென்ட்.

இதுவே காணிப்பாக்கமாக இருந்தால், வாய்யா என்று குளத்தில் முங்க வைத்து, ஈரத் துணியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நிறுத்தியிருப்பேன். சித்தூர் கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவனுக்கும் நம் சன்னதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அந்த நாய்க்குத் தெள்ளு இருந்துச்சா இல்லையா?" அரை மணியில் வழக்கு முடிந்திருக்கும்.

இங்கே சாமி காகிதம்தான். அட்வான்ஸை அரசு அங்கீகரித்த திட்டத்தில் பதிய வேண்டும் என்று 2007 முதல் சட்டம். 2019 முதல், பெரும்பாலான வீடுகளுக்கு, ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கவும் கூடாது. (பெங்களூரில் பத்து மாச அட்வான்ஸ் கொடுத்த மாமாவுக்கு இதையும் படி, வயிறெரியட்டும்.) தகராறு வந்தால் காசு வாங்காமல் தீர்த்து வைக்க நடுவர் உண்டு. அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, வந்த காகிதங்களைப் படிப்பதோடு சரி. நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர் என்பதுதான் ஆறுதல். அதனால் நானும் சாட்சி சேர்க்கிறேன். கணுக்கால் படம், பக்கத்தில் ஸ்கேல். வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தால் தெள்ளு கறுப்பாக ஏறுவது தெரியும், அப்படியே செல்லோடேப்பில் ஒட்டித் தேதி போட்டு வைக்கிறேன்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் வேக்குவம் இழுக்கிறேன், அந்த அதிர்வில்தான் கூட்டிலிருப்பது வெளியே வருமாம். மூஞ்சூறு படுக்கிற துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். நம் திண்ணையில் அரிக்கிறது என்று சொன்னால் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். இங்கே ஆபீசில் சொன்னேன், பக்கத்து நாற்காலி நகர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து தனியாகத்தான் டீ குடிக்கிறேன் அக்கா.

கோயிலுக்குப் போனால் என் பெயருக்குத் தேங்காய் உடை. வீட்டுக்காரர் பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்துவிடாதே, உனக்கு இரக்க குணம் ஜாஸ்தி. அடுத்த பார்சலில் ஊறுகாய் குறைந்தாலும் பரவாயில்லை, வெள்ளை சாக்ஸ் ஒரு டஜன் வை.

உன் தம்பி