லைசென்ஸ் வந்தது, பதில் வரவில்லை

"இளைஞர்கள் ஹாம் ரேடியோ பக்கமே வருவதில்லை." ஈப்போ தே தாரிக் கடைகளில் மூத்தவர்கள் பாடும் ஒப்பாரி இது. வருகிறார்கள் ஐயா. உங்களைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் என்று வையுங்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. கைப்பேசிக்குச் சிக்னல்தான் வரவில்லை. ஓம் விதியையும் கியூ குறியீடுகளையும் உருப்போட்டுத் தேர்வில் தேறினான். தொடர்பு பல்லூடக ஆணையம் 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி தந்தது. சிரிம் முத்திரை பார்த்து, இரண்டு மீட்டர் அலையில் பேசும் கையடக்க ரேடியோ, ஒரு ஹேண்டி, வாங்கினான். அழைத்தான். ஒரு ஈ, காக்கைகூடப் பதில் சொல்லவில்லை.

குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் பேச, கேட்கும் அலைவரிசையிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அனுப்ப வேண்டும். பல ரிப்பீட்டர்களுக்குக் காதில் விழாத ஒரு டோனும் வேண்டும். எந்தப் பட்டன்? கேட்டான். "கூகுளில் தேடு தம்பி" என்றார் ஒரு மூத்தவர். இந்த ஞானத்தை அடைய அவருக்கு முப்பது வருட அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது!

இரண்டு மீட்டர் அலை மலையைத் துளைக்காது. சுண்ணாம்புக் குன்றுக்குப் பின்னால், லயத்து வீட்டுக்குள், ஹேண்டியோடு வந்த குட்டை ஏரியல் என்ன செய்யும்? 49 சென்டிமீட்டர் அளவில் ஐந்து கம்பி, ஒரு சாக்கெட், கொஞ்சம் கேபிள், கூரைக்கு மேலே ஒரு மூங்கில். நல்ல ஏரியலுக்கு இது போதும். ஒரு ஞாயிறு காலை வேலை.

அந்த ஞாயிறுதான் யாரிடமும் இல்லை. டத்தோவுக்கு மாலை போட ஞாயிறு உண்டு. பேனர் கட்ட உண்டு. "பேரிடருக்குத் தயார்" என்று அச்சடித்த டீ சட்டையில் வரிசையாக நின்று கட்டைவிரல் காட்ட உண்டு. வெள்ளம் வந்தால் டீ சட்டையா பேசும்?

மேடை ஏறினால் 2004 சுனாமிக் கதை. அந்தமானில் தொலைபேசிகள் செத்தபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத்தின் ஹாம் நிலையம் செய்தி அனுப்பியது. உண்மை. கைதட்டுங்கள். ஆனால் அவர் அலை வந்த பிறகு பட்டன் தேடியவர் அல்லர். பல வருடம் பேசிப் பழகியவர். நம் பிள்ளை யாரோடு பேசிப் பழகுவான்? பேச்சு முடிந்ததும் ரிப்பீட்டர் விடும் வால் இரைச்சலோடா?

இன்றிரவு ஒரு புதுக்குரல் தயங்கித் தயங்கி அழைப்புக்குறி சொன்னால், பதில் கொடுங்கள். அதற்கு டத்தோ வந்து திறப்பு விழா நடத்தத் தேவையில்லை.