முடிச்சாச்சு டீச்சர்!

தமிழ்நாட்டில் சுமாராகப் படிக்கும் பிள்ளை என்று ஒன்று கிடையாது. பெற்றோர் கூட்டங்களுக்கு ஓயாமல் போய்வருகிறவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். நன்றாகப் படிக்கும் பிள்ளை உண்டு. ‘மூளை இருக்குதுங்க, உக்காந்து படிக்க மாட்டேங்கறான்’ என்ற வகைப் பிள்ளை உண்டு. ‘போன வருசத்து டீச்சர் சரியில்லீங்க’ என்ற வகையும் உண்டு. சுமாராகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத பெற்றோருடையவை.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம், கோபிக்குப் பக்கம். என் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த பதவி இது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தலைவர் ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வரம்பு வைத்தவர்கள், ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதற்கு மட்டும் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் முன்பெல்லாம் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி மூன்றும்தான் பேச்சு. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு கல்வியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டோம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது. பென்சிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையில்லாமல் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2022 ஜூனில் இந்தத் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த வகுப்பு என்று பார்க்காமல் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துப் பிரித்தார்கள். அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. ஒன்றாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் அரும்பு, மூன்றாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் மலர்.

பிள்ளைகளின் மனம் வாடக் கூடாதென்று யாரோ யோசித்து வைத்த பெயர்கள். பெற்றோரின் மனத்தை யோசிக்கவில்லை. அதுவரை ‘எத்தனை மார்க்’ என்று கேட்டுக்கொண்டிருந்த ஊர், ‘உங்க புள்ள என்ன பூ’ என்று கேட்க ஆரம்பித்தது. “ஏனுங் டீச்சர், ஆறு மாசமா மொட்டுலயே நிக்குதே, எப்பங் விரியும்?” என்று ஒரு தாத்தா கேட்டார். வாழைத்தோப்புக்காரர், விளைச்சலுக்கு நாள் கணக்குத் தெரிந்தவர். டீச்சரிடம் பதிலில்லை.

அரிசி மில்லில் கணக்கு எழுதும் ஒருவர்தான் விவாதத்தைத் தொடங்கிவைத்தார். “மூணாங்கிளாஸ் புள்ளைக்கு முகமூடி, பொம்மலாட்டம், பாட்டு. எல்லாஞ் சரி. நல்லாப் படிக்கற புள்ளைக எதுக்குங்க மத்தவங்களுக்காகக் காத்துக் கெடக்கோணும்? மலர்ப் புள்ளைகளுக்குத் தனி கிளாஸ் வேணும்” என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒருமனதான கோரிக்கையை எங்கள் குழு கண்டதில்லை. சுற்றுச்சுவருக்குக்கூட இரண்டு கட்சி இருந்தது. யார் யாரை அந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று ஹெச்.எம். தாளும் பேனாவுமாகக் கேட்டார். பெயர்கள் வந்தன. எழுதி முடித்தபோது வருகைப் பதிவேட்டை அப்படியே படியெடுத்த மாதிரி இருந்தது. அப்படியொரு தனி வகுப்பு வைத்தால் வெளியே நிற்கப்போவது டீச்சரும் ஒரே ஒரு பையனும்தான்.

பட்டியலில் பெயர் கொடுக்காதவர் ஒரே ஒருத்தர். விசைத்தறிக்குப் போகிற அம்மா, பையன் அரும்பு. “எனக்கு இதே போதுமுங்க. இத்தன நாளாப் போர்டுல இருக்கறதப் பாத்து வரைஞ்சிட்டு வந்தான். இப்பத்தான் படிச்சு எழுதறான்” என்றார். மூன்று வருடப் பாடத்திட்ட விவாதத்தில் நான் கேட்ட உருப்படியான பேச்சு அது. அதற்கு யாரும் கைதட்டவில்லை.

புதுப் பாடத்திட்டம் எது வந்தாலும் நம் ஊரில் இரண்டே புகார்கள்தாம்: ரொம்ப லேசு, ரொம்பப் பாரம். லேசு என்பது என் பிள்ளைக்கு; பாரம் என்பதும் என் பிள்ளைக்கே. செயல்வழிக் கற்றல் நினைவிருக்கிறதா? 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்தது. ஒன்று முதல் நான்கு வரை ஒரே கூடத்தில். ஏணி போல ஒரு படம். படிக்குப் படி அட்டைகள். ஓர் அட்டையை முடித்த பிள்ளை யாருக்கும் காத்திருக்காமல் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கென்றே செய்த ஏற்பாடு. பெற்றோர் வந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. டீச்சரும் கீழே உட்கார்ந்திருந்தார். எல்லார் கையிலும் அட்டை. “பள்ளிக்கூடத்துல சீட்டாட்டமா?” என்று கேட்டுவிட்டு, பெஞ்சும் டையும் இருக்கிற மெட்ரிக் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றினவர்கள் உண்டு. அங்கே ஐம்பது பிள்ளைகளும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திருப்பின. பார்க்க ஒழுங்காக இருந்தது.

பிறகு சமச்சீர்க் கல்வி. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று இருந்த நான்கையும் ஒன்றாக்கி, 2010-ல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் கொண்டுவந்தார்கள். “எல்லாருக்கும் ஒரே பாடம்னா எம்பையன் ஒசத்தின்னு எப்படிங்க தெரியும்?” என்று ஃபீஸ் கட்டின அப்பாக்கள் கொதித்தார்கள். நியாயம்தான், ரசீது கையில் இருக்கிறதே. 2011-ல் ஆட்சி மாறியது, புது அரசு இதை நிறுத்திவைக்கப் பார்த்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, ஆகஸ்ட் 9-ல்தான் தீர்ப்பு வந்தது. அதுவரை புத்தகமில்லாமல் பள்ளிக்கூடம் நடந்தது. வந்த புத்தகங்களிலும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அப்போது பத்தாம் வகுப்பிலிருந்த என் அக்கா மகன், அந்தப் பக்கங்களை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தண்ணீர் தொட்டு, நகத்தால் சுரண்டி வரிவரியாகப் படித்தான். வேறெந்தப் பாடத்தையும் அவன் அத்தனை ஆழ்ந்து படித்துப் பார்த்ததில்லை. பாடநூல் கழகம் இதைக் கவனித்திருந்தால் எல்லாப் பக்கத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

சமச்சீர் லேசு என்று ஏழெட்டு வருடம் சொல்லித் தீர்த்தோம். 2018-ல் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பாடத்திட்டம் வந்தது. ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளுக்குப் புதுப் புத்தகங்கள். பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைத் தூக்கவே தனியாகச் சாப்பிட வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் க்யூ.ஆர். கோடு வேறு, அப்பாவின் போனைக் கேட்டு வாங்க அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த அனுமதிச் சீட்டு. லேசு என்றவர்களே ‘பச்சப் புள்ளைக மேல இவ்ளோ பாரமா’ என்று கண் கலங்கினார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் டபுள் புரமோஷன் என்று ஒன்று இருந்தது. எல்லாக் குடும்பத்திலும் அதை வாங்கிய பெரியவர் ஒருவர் இருப்பார். சான்றிதழைக் கரையான் தின்றிருக்கும். எங்கள் வீட்டில் அது என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா. இரண்டாம் வகுப்பிலிருந்து நேராக நான்காம் வகுப்பில் தூக்கி உட்காரவைத்தார்களாம். மூன்றாம் வகுப்பில் சொல்லித்தர வேண்டிய கடன் வாங்கிக் கழித்தல் அதனால் விட்டுப்போயிற்று. கடன் வாங்குவதைப் பிற்பாடு சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டார். கழிப்பதுதான் கடைசிவரை வரவில்லை என்று அம்மாயி சொல்வார்.

அதற்கும் முந்தைய ஏற்பாடு சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் கண்ணயர்ந்தால், நன்றாகப் படிக்கிற பையன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மணலையும், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியையும் தன் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒரே ஒரு ஆசிரியர் சம்பளத்தில் பெருங்கூட்டத்தையே படிக்கவைக்கலாம் என்றால் எந்த அரசாங்கத்துக்குக் கசக்கும்? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. ஆக, கெட்டிக்காரப் பிள்ளையைக் கூலியில்லாமல் வேலை வாங்கலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.

சட்டாம்பிள்ளை போய் லீடர் வந்தார். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவர் வேலை. அந்தப் பட்டியலில் நான் நிரந்தர உறுப்பினன். இன்றைய குழு உறுப்பினர் பதவிக்கான பயிற்சி அங்கேதான் கிடைத்தது. என்றாலும் லீடரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதுண்டு. எங்களுக்காவது பேச்சு இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்ட பாவத்துக்கு அவன் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தான்.

இன்றைக்கும் கணக்கை முதலில் முடித்து ‘முடிச்சாச்சு டீச்சர்’ என்று எழுந்து நிற்கிற பிள்ளைக்குக் கிடைப்பது என்ன? ‘கையைக் கட்டி உக்காரு’ ஒன்று. ‘இன்னொருக்கா எழுது’ ஒன்று. ‘பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக் குடு’ ஒன்று. பெரிய வகுப்புக்குப் போனால் தேர்வு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு, அதில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய காசு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த அரைமணி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

என் மகள் கெட்டிக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல அவள் அம்மாயி இருக்கிறார். முதல் பருவத்தில் தினமும் ‘முடிச்சாச்சு’ என்று எழுந்து நின்றவள், பிறகு நிற்பதில்லை என்று டீச்சர் சொன்னார். வீட்டில் பென்சில்கள் மட்டும் அசாதாரண வேகத்தில் தேய்ந்தன. விசாரித்ததில், கடைசிக் கணக்கு ஒன்றை மிச்சம் வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை பென்சில் சீவுகிறாள் என்று தெரிந்தது. எந்தப் பாடத்திட்டக் குழுவும் சொல்லித்தராமல், மெதுவாக இருப்பது எப்படி என்று தானே கற்றுக்கொண்டிருந்தாள். பிற்காலத்தில் நல்ல அரசு வேலைக்குப் போவாள் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது, மலர் வகுப்புப் பட்டியலோடு உட்கார்ந்திருந்த எங்களை விட்டுவிட்டு, குழுத் தலைவி டீச்சரிடம் திரும்பினார். அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். “ஏனுங் டீச்சர், முடிச்ச புள்ளைக்கு அடுத்தாப்ல என்னங் குடுப்பீங்க?”

“நான் ஒருத்திங்க. மூணு கிளாஸ், மூணு நெல. அதுபோக மதிப்பீட்டைச் செயலியில ஏத்தோணும். நெட்டு கிடைக்கறதே தண்ணித் தொட்டிக்கிட்டத்தான்” என்றார் டீச்சர். “படித்தல் களத்துல கயித்துல தொங்கவிட்ட கதைப் புஸ்தகத்தையெல்லாம் புள்ளைக எப்பவோ முடிச்சிட்டாங்க.”

“வேற புஸ்தகமே இல்லீங்களா?”

எல்லோரும் ஹெச்.எம். அறையிலிருந்த பச்சை பீரோவைப் பார்த்தோம். நூலகம் அதற்குள்தான் இருந்தது. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டியவர் ஹெச்.எம்.; அதனால் சாவி அவர் மேஜையில், மேஜைச் சாவி அவர் பையில். முடித்த பிள்ளை அதிலிருந்து எடுத்துப் படிக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்ததும் மறுபடியும் பட்டியல் தொடங்கியது. மில் கணக்கர் தன் மகனின் பொறுப்புணர்ச்சியைப் பற்றிப் பேச எழுந்தார். தலைவி, “பூட்டவே வேண்டாமுங்க” என்று சொல்லி, அவரை உட்காரவைத்தார். விசைத்தறி அம்மா தன் பையனும் எடுக்கலாமா என்று கேட்டார். அவன் முடிக்காவிட்டாலும் எடுக்கலாம் என்று எழுதிக்கொண்டோம். மலர் வகுப்புத் தாளை ஹெச்.எம். மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

பீரோ திறந்தபடி இருக்கிறது. இதுவரை காணாமல் போனது ஒரே ஒரு கதைப் புத்தகம். எடுத்துக்கொண்டு போன பிள்ளை யாரென்று போன கூட்டத்தில் ஹெச்.எம். கேட்டார். ‘என்ற புள்ளதானுங்க’ என்று முந்திக்கொள்ள ஒருவரும் இல்லை.