'டி'க்குப் பிறகு புத்தம்புதிது

பொறியியல் இறுதியாண்டில், அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு பீடித்த வீட்டை எளிதில் அடையாளம் காணலாம். குளியலறைக் கண்ணாடியில் இருந்து சாமி அறைக் கதவு வரை சொற்சீட்டுகள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அகரவரிசையில் பதில் வரும்.

பாரன்ஸ் வழிகாட்டியின் 3,500 சொற்கள் கொண்ட பட்டியல், சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பரம்பரைச் சொத்தாகக் கைமாறுகிறது. 'ஏ' வரிசையில் பென்சில் கோடுகள் மொய்க்கும். 'டி'க்குப் பிறகு புத்தகம் புத்தம்புதிது.

எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தின் போக்கைப் பிடித்துக் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ஒரே கேள்வியில் உள்ள மூன்று இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பினால்? பூஜ்யம். பாதிப் புண்ணியம் அங்கே கிடையாது. ஆனாலும் நம்மவர்கள் பட்டியலை விடுவதாயில்லை. மனப்பாடம் நமக்குக் கைவந்த கலை. வாசிப்புதான் சிலபஸிலேயே இல்லையே!

இத்தனைக்கும் எம்.எஸ். பொறியியல் துறைகள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை. கொரோனாவுக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள், தேர்வு எழுதுவது உங்கள் விருப்பம் என்றே சொல்லிவிட்டன. 2023 செப்டம்பரில் தேர்வும் இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. சுருங்காதது பட்டியல் மட்டும்தான். கஷ்டப்பட்டு ஏற்றிய சொற்களோடு விமானம் ஏறியவனுக்கு அங்கே தினசரி பயன்படுவதோ வாடகை, டெட்லைன், டிஸ்கவுண்ட்.

இந்த ஆண்டு எழுதப் போகிறவர்களே, நீங்கள் விண்ணப்பிக்கும் துறை ஜி.ஆர்.இ. மதிப்பெண் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டால் மட்டும் கட்டணம் கட்டுங்கள்.