பனியனும் பனியும்

மார்கழியில் குன்னூருக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டுமென்று கோவைக்காரர் ஒருவருக்கு ஆசை வந்தது. கூடவே அவர் மனைவிக்குக் கவலையும் வந்தது. பருத்திப் பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் மாமியார் பின்னிய ஸ்வெட்டர் (கோவை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்பது தனி ஆராய்ச்சி), எல்லாவற்றுக்கும் மேலே ரெயின்கோட். தலையில் குரங்குக் குல்லா. மேட்டுப்பாளையம் டீக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கைலாசத்துக்குங்களா?" என்றார்.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே ரெயின்கோட்டுக்குள் மழை. மழையை உள்ளே விடாத துணி, வியர்வையை வெளியே விடுமா? பர்லியாரில் ரெயின்கோட்டும் குல்லாவும் பைக்குள் போயின. ஸ்வெட்டர் இடுப்புக்கு இறங்கியது. பனியன் மட்டும் சொட்டச் சொட்ட முதுகைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தது.

ஏறும்போது யாருக்கும் குளிராது. வில்லங்கமெல்லாம் இறக்கத்தில்தான். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் 1,700. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். குன்னூரில் 10 டிகிரி என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவருக்கு அது 6 டிகிரி போல உறைக்கும். அதுவும் உலர்ந்த உடம்புக்கு. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு கெட்டி; பருத்தியோ குடித்த தண்ணீரை லேசில் விடாது. விவரம் தெரிந்தவர்கள் பருத்தியையே தொடுவதில்லை. அடியில் மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ, மேலே ஒரு கதகதப்புச் சட்டை, இறக்கத்துக்கென்று பையில் மடித்த காற்றுத்தடுப்பு ஜாக்கெட். அவ்வளவுதான்.

பெரிய பந்தயங்களிலும் இதே கதைதான். 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தில், காவியா கணவாயில் பனி கொட்டியது. ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற வீரரின் அணியினர் முன்யோசனையாகப் பனிச்சறுக்குக் கையுறைகளை வாங்கி வைத்திருந்தார்கள். அன்றே அவர் முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் போட்டார், கடைசிவரை கழற்றவில்லை.

நம்மவருக்கு வாய்த்தது குன்னூர்ப் பெட்டிக்கடை. ஐரோப்பிய வீரர்கள் மலையுச்சியில் செய்தித்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள் என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. காகிதம் காற்றை மறிக்கும். மார்பில் அரசியல், வயிற்றில் ராசிபலன் என்று பரப்பிக்கொண்டார். "படிச்சுட்டுச் செருகலாமில்லீங்களா?" என்று கடைக்காரர் வருத்தப்பட்டார்.

வீட்டில் பனியனைத் துவைக்க எடுத்த மனைவி, அதில் இடம்வலம் மாறிப் பதிந்திருந்த எழுத்தைக் கண்ணாடி முன் பிடித்துப் படித்தார்.

"ஏனுங்க, உங்க ராசிக்கு இன்னைக்கு வீண் அலைச்சல்னு போட்டிருக்குது."